இறந்தகாலம் எடுத்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பொன்றில் இலக்கிய வரலாறு நடத்திக் கொண்டிருந்தோம். 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது, 1323-இல் தில்லிப் படை மீண்டும் வந்தது, பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இத்துடன் பாண்டியர் ஆட்சி முடிவுற்றது" என்ற வழக்கமான வாக்கியத்தோடு அப்பகுதியை முடித்தோம். கடைசி வரிசையிலிருந்து செங்கோட்டைப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்தார். "அப்படியானால் எங்கள் தென்காசிக் கோயிலைக் கட்டிய பாண்டியர் யார் ஐயா?" என்று கேட்டார்.

கேள்வியில் குறும்பு எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நாம்தான் நாணினோம். விடை நமக்குத் தெரியாததன்று. பராக்கிரம பாண்டியரின் பெயரும் அதிவீரராமரின் நூற்பட்டியலும் மனப்பாடம். ஆயினும், பாண்டியர் வீழ்ச்சியை ஒரு பாடவேளையிலும் நைடதத்தை இன்னொரு பாடவேளையிலும் நடத்தும் நாம், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. வீழ்ந்துவிட்டதாக நாம் அறிவித்த ஓர் அரசில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அரசர் அமர்ந்து காப்பியம் எழுதிக் கொண்டிருக்கிறார். இந்த முரண் நம்மை உறுத்தவே இல்லை. அந்த உறுத்தலின்மை குறித்தே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு கணக்கு. 'பிற்காலப் பாண்டியப் பேரரசு' என்று நாம் பெருமையோடு பேசும் காலம் 1216-இல் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியர் அரியணை ஏறியதிலிருந்து தொடங்குகிறது. 1311 வரை எண்ணினால் தொண்ணூற்றைந்து ஆண்டுகள். தென்காசியில் சடையவர்மன் பராக்கிரம பாண்டியர் ஆட்சிக்கு வந்தது 1422-இல். அம்மரபினரின் கல்வெட்டுகள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கிடைக்கின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். பேரரசு வாழ்ந்ததைப் போல் இருமடங்கு காலம் ஒரு சிற்றரசு வாழ்ந்திருக்கிறது. அந்தத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு நம் பாடநூல்களில் பக்கங்கள். இந்த இருநூறு ஆண்டுகளுக்கு ஓரிரு வரிகள்.

அறிஞர்கள் இவர்களை அறியாதவர்கள் அல்லர். 1929-இல் வெளிவந்த நீலகண்ட சாஸ்திரியாரின் பாண்டிய அரசு பற்றிய ஆங்கில நூல், பதினாறாம் நூற்றாண்டு வரை இவ்வரலாற்றைக் கொண்டு செல்கிறது. சதாசிவப் பண்டாரத்தாரும் தம் 'பாண்டியர் வரலா'ற்றில் இவர்களை விட்டுவிடவில்லை. ஆராய்ச்சி நூல்களில் உள்ளது வகுப்பறைக்கும் பொதுப்பேச்சுக்கும் வந்து சேரவில்லை என்பதே நம் குறை. ஏன் வந்து சேரவில்லை?

நம் வரலாற்றுப் பார்வை இன்னும் மெய்க்கீர்த்தியின் பார்வையாகவே இருப்பதுதான் காரணம் என்று கருதுகிறோம். மெய்க்கீர்த்தி எதைப் பாடும்? எந்த நாட்டை வென்றான், யாரைப் புறங்கண்டான், எத்தனை யானை கொணர்ந்தான் என்று பாடும். நாமும் அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, வென்றவனுக்கு அத்தியாயமும் தோற்றவனுக்கு அடிக்குறிப்பும் ஒதுக்குகிறோம். அரசவைப் புலவன் பரிசிலுக்காகச் செய்ததை நாம் பரிசில் இல்லாமலே செய்து வருகிறோம்.

*

மதுரையை இழந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். குலசேகர பாண்டியரின் மைந்தர்களான சுந்தர பாண்டியர், வீர பாண்டியர் ஆகிய இருவரின் அரியணைப் போட்டியால் அரசு முன்னரே பிளந்திருந்தது. தில்லிப் படை வந்தபோது அப்பிளவு பெரும் வாயிலாயிற்று. 1330-களில் தோன்றிய மதுரைச் சுல்தானகத்தை, 1371-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் வென்றார்.

இங்கே ஓர் இலக்கியச் சான்று கவனிக்கத் தக்கது. கம்பணரின் தேவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய 'மதுரா விஜயம்' என்னும் காப்பியத்தில், மதுரையின் அவல நிலையைச் சொல்லவரும் ஒரு பெண் கம்பணரிடம் ஒரு வாளைத் தருகிறாள். அது சிவபெருமானால் பாண்டியருக்கு அளிக்கப்பட்ட தெய்வ வாள். பாண்டியரின் ஆற்றல் குன்றியதால் அகத்தியர் அதனைக் கம்பணருக்கு அனுப்பியதாகக் கதை. எவ்வளவு நுட்பமான அரசியல்! மதுரையை மீட்டவர் அதனைப் பாண்டியரிடம் ஏன் திருப்பித் தரவில்லை என்ற கேள்வி எழுவதற்கு முன்பே காப்பியம் விடை சொல்லிவிடுகிறது. உரிமை வாளோடு கைமாறிவிட்டது. கைமாற்றியவரோ பாண்டியரின் குலகுருவாகப் போற்றப்படும் அகத்தியரே.

மீண்ட மதுரை பாண்டியருக்கு மீளவில்லை. அவர்கள் தெற்கே பொருநைக்கரையிலும் சிற்றாற்றங்கரையிலும் ஒதுங்கினர். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாண்டியர் ஆண்டனர். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் அந்த மரபுவரிசையைப் படிப்பவர்க்குத் தலை சுற்றும். விசயநகரத்துக்கும் பின்னர் மதுரை நாயக்கருக்கும் அடங்கியிருந்த அரசுதான். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் இந்தச் சுருங்கிய அரசு என்ன செய்தது என்று பாருங்கள். பராக்கிரம பாண்டியர் 'அரிகேசரி' என்ற பெயரையும் சூடினார். அது ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் தாங்கிய பெயர். சிற்றாற்றங்கரையில் 1446-இல் விசுவநாதருக்குக் கோயிலெடுக்கத் தொடங்கினார். 1457-இல் கோபுரப் பணி தொடங்கிற்று. 1463-இல் அரசர் மறைந்தபோது கோபுரம் முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியர் அப்பணியைத் தொடர்ந்தார். ஊருக்குத் தென்காசி என்று பெயர். வடக்கே ஒரு காசி இருக்க, எட்ட முடியாததைத் தம் எல்லைக்குள் எழுப்பிக்கொள்ளும் துணிவு அப்பெயரில் இருக்கிறது.

அக்கோயிலில் வெட்டப்பட்டிருக்கும் தமிழ்ப் பாடல்களை வெற்றி முழக்கமாக எண்ணிக்கொண்டு அணுகினால் திகைப்பே மிஞ்சும். ஒரு பாடலில் அரசர் வணங்குகிறார். யாரை? தம்மை வென்றவரையும் அன்று, தமக்கு முடிசூட்டியவரையும் அன்று. எதிர்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் பழுது நேர்ந்தால், அப்போது வந்து அதனைச் சீர்செய்து காக்கப்போகிறவர் யாராயினும், அவரை உலகறியப் பணிவதாகச் சொல்கிறார். கோயில் தானங்களின் இறுதியில் இதனைக் காப்பவர் திருவடி எம் தலைமேல் என்று எழுதுவது பழைய வழக்கம்தான். ஆனால் அவ்வழக்கம் இங்கே ஓர் அரசரின் சொந்தக் குரலாக மாறுகிறது. பேரரசின் உச்சியில் இருப்பவருக்குத் தம் படைப்பு அழியும் என்ற நினைவு எளிதில் வருவதில்லை. மதுரையை இழந்த மரபில் பிறந்தவருக்கு அது வருகிறது. கல்லும் நிலையன்று என்பதை அறிந்தே அவர் கல்லை அடுக்குகிறார்.

அவர் மறைந்தபின் வெட்டப்பட்ட இன்னொரு பாடல், அவர் எங்கே போய்ப் புகுந்திருப்பார் என்று வியக்கிறது. நாயன்மார் கூட்டத்திலா, கயிலையிலா, தில்லைப் பொன்னம்பலத்திலா, விசுவநாதரின் திருவடியிலா என்று கேட்டுக்கொண்டே செல்கிறது. இறந்த அரசர் வென்ற நாடுகளை அது எண்ணவில்லை.

*

இனி இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். 1532-ஐ ஒட்டி விசயநகர வேந்தர் அச்சுதராயரின் படை பொருநைக்கரை வரை வந்தது. பாண்டியரின் நிலப்பகுதிகளைக் கைப்பற்றியிருந்த வேணாட்டுத் திருவடியை அடக்கிப் பாண்டியரை மீண்டும் நிலைநிறுத்தியது. பாண்டியர் தம் மகளை அச்சுதராயருக்கு மணம் செய்து கொடுத்தார். இச்செய்தியை 'அச்சுதராயாப்யுதயம்' என்னும் வடமொழிக் காப்பியம் பாடுகிறது. அதற்குப்பின் 1534-ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்த சீவல்லப பாண்டியர் 'இறந்தகாலம் எடுத்த' என்ற பட்டத்தைத் தாங்கினார். வரலாற்றறிஞர்கள் இப்பட்டத்தை மேற்கண்ட நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர்.

தமிழாசிரியராகிய நமக்கு இறந்தகாலம் என்றால் இலக்கணம். த், ட், ற், இன் ஆகிய இடைநிலைகளுக்கு மேல் நாம் போவதில்லை. ஓர் அரசர் அச்சொல்லைப் பட்டமாகச் சூடியிருக்கிறார் என்று முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தோம். 'கங்கை கொண்ட', 'கடாரம் கொண்ட', 'ஈழம் கொண்ட' என்றெல்லாம் பட்டங்கள் உண்டு. அவை நாடு கொண்டவை. காலம் கொண்ட பட்டம் வேறு ஏது? அதுவும் கடந்துபோன காலம்!

நகைப்பவர் நகைக்கலாம். இன்னொருவர் வாளால் மீண்ட நிலம். அதற்குக் கொடுத்த விலை ஒரு பெண். பட்டத்தில் அவளுக்கு இடமில்லை. இந்த உண்மையை மழுப்பிவிட்டு இப்பட்டத்தைக் கொண்டாடுவது முறையன்று. ஆயினும் 'எடுத்த' என்ற சொல்லை மட்டும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். விழுந்ததை எடுத்தல், கோயில் எடுத்தல், பிள்ளையை எடுத்து வளர்த்தல் என எல்லாவற்றுக்கும் தமிழில் அச்சொல்தான். சீவல்லபர் நிலத்தை எண்ணி அதைச் சூடியிருக்கக்கூடும். அவர் மரபினர் செய்துகாட்டியதோ அதைவிடப் பெரிது.

1564-இல் அதிவீரராம பாண்டியர் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் நொறுங்கியது. மதுரையில் நாயக்கர் வலுப்பெற்றுக் கொண்டிருந்தனர். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துகேசியர் வேரூன்றியிருந்தனர். பொருநை கடலில் கலக்கும் புன்னைக்காயலில் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் தமிழ் கற்று நூல் இயற்றிக் கொண்டிருந்தார்; அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. ஒரே ஆற்று நாட்டில், ஒரே தலைமுறையில், ஒருபக்கம் தமிழ் முதன்முதலாக அச்செழுத்தைப் பார்க்கிறது. மறுபக்கம் ஒரு பாண்டியர் ஓலையில் காப்பியம் எழுதுகிறார். இதனைப் போய் 'முடிவுற்ற' காலம் என்கிறோம்!

அதிவீரராமர் நளன் கதையை நைடதமாகத் தந்தார். 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்ற பழமொழி அதன் செல்வாக்குக்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முறையாகத் தமிழ் கற்றவர் அதனைத் தாண்டாமல் மேலே சென்றதில்லை. காசிகாண்டம், கூர்மபுராணம், இலிங்கபுராணம் ஆகியவற்றையும் அவர் தமிழாக்கினார். காசிகாண்டம் என்ற பெயரை இப்போது மீண்டும் படியுங்கள். நூறாண்டுக்கு முன் ஒருவர் கல்லில் எடுத்த காசியை இவர் சொல்லில் எடுத்திருக்கிறார். அவர் உறவினரான வரதுங்கராம பாண்டியர் பிரமோத்தர காண்டம் பாடினார். கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் மீதான கருவை அந்தாதிகளை அதிவீரராமருடையவை என்பாரும் வரதுங்கருடையவை என்பாரும் உளர். மக்கட்பேறு இல்லாத வரதுங்கருக்கு அவ்விறைவரே ஈமக்கடன் செய்தார் என்பது தலமரபு. பிள்ளையில்லாத அரசருக்கு ஊர் எவ்வளவு கனிவோடு ஒரு பிள்ளையைத் தேடிக் கொடுத்திருக்கிறது!

'இவையெல்லாம் வடமொழிப் புராண மொழிபெயர்ப்புகள்தாமே, இதில் தமிழுக்கு என்ன புதுமை?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சங்கப் பாடலின் புத்தொளியை இவற்றில் நாமும் காணவில்லை. வருணனைகள் சில இடங்களில் அளவுக்கு மீறி நீள்கின்றன. ஆனால் ஓர் இலக்கியப் பேராறு வற்றாமல் ஓட மலையருவிகள் மட்டும் போதா, கால்வாய்களும் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் தமிழ்க் காப்பிய மொழியை மறந்துபோகாமல் காத்த கால்வாய்களுள் ஒன்று தென்காசி அவை.

அதற்கும் மேலாக ஒரு சான்று இருக்கிறது. புறநானூற்றின் 183-ஆம் பாடல் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. ஆசிரியருக்கு உதவியும் பொருள் கொடுத்தும் கல்வியைப் பெற வேண்டும், கற்றவன் வழியிலேயே அரசும் செல்லும், கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்றால் மேற்பாலில் பிறந்தவனும் அவனிடம் பணிவான் என்பது அதன் கருத்து. பல நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு அதிவீரராமர் வெற்றிவேற்கை என்னும் நறுந்தொகையை எழுதுகிறார். இரந்து உண்டாயினும் கற்க வேண்டும், உயர்குலத்தான் கல்லாதவனானால் அவன் கீழானவனே, எக்குடியில் பிறந்தவனாயினும் கற்றவனை வருக என்று வரவேற்பர் என்கிறார். ஒரு பாண்டியர் விட்ட இடத்தில் இன்னொரு பாண்டியர் தொடர்வதுபோல இருக்கிறது. நெடுஞ்செழியன் பாட்டை அதிவீரராமர் ஓலையில் படித்திருந்தாரா என்பது இங்கே பெரிதன்று. அந்த எண்ணம் நாடிழந்த பின்னும் இழக்கப்படவில்லை என்பதே பெரிது. இறந்தகாலத்தை எடுத்தல் என்பது இதுதான் என்று நாம் கொள்கிறோம்.

*

மறுப்பாக இன்னொன்றும் சொல்லப்படும். மன்னர் புகழ் பாடி என்ன பயன், கல் சுமந்தவரின் வரலாறு எங்கே என்பர். ஒப்புக்கொள்கிறோம். கோயில் சுவர் அரசரைப் பாடும் அளவுக்குக் கொத்தரைப் பாடுவதில்லை. சிற்றாற்றுப் பாசனத்தில் உழுதவர் தந்த நெல்லில்தான் கோபுரமும் காப்பியமும் எழுந்தன. எனினும், சிற்றரசுகளை ஒதுக்கிவிட்டு அந்த உழவரின் வரலாற்றை மட்டும் எழுதிவிட முடியாது. அவர்களைப் பற்றிய சான்றுகளும் இதே சுவர்களில், நிலக்கொடைக்கும் நீர்ப்பாசனத்துக்கும் வரிக்கும் உரிய கல்வெட்டுகளில்தான் கிடக்கின்றன. தில்லியிலும் தஞ்சையிலும் மட்டும் விளக்கேற்றினால் தென்காசியில் உழுதவன் முகம் எப்படித் தெரியும்?

அச்சுவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? பல ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிக் கல்லைச் சுரண்டினார்கள், எழுத்து மழுங்கிற்று. வண்ணப் பூச்சு எழுத்தை மூடிற்று. மின்கம்பி செல்ல எழுத்தின் நடுவே துளையிட்டார்கள். இவற்றைக் காணும்போதெல்லாம் அந்தப் பாண்டியரின் வணக்கம் நினைவுக்கு வருகிறது. பழுது நேர்ந்தால் வந்து காப்பவரை வணங்குகிறேன் என்று அவர் சொன்னார். காக்க வருகிறவரே பழுது செய்வார் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

நல்லதும் நடந்திருக்கிறது. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. 2019-இல் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. கோபுரம் எழுந்துவிட்டது, வரலாறு எழவேண்டும். நம் போன்ற ஆசிரியர்கள் செய்யக்கூடியவை எளியவையே. 'முடிவுற்றது' என்ற சொல்லைக் கைவிட்டு 'மதுரையை இழந்தது' என்று சொல்லலாம். வெற்றிவேற்கையைச் சிறுவர்க்குச் சொல்லும்போது, இதை எழுதியவர் நம் பொருநை நாட்டை ஆண்ட ஓர் அரசர் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லலாம். நைடதம் நடத்தும் நாளில் 1564 என்ற ஆண்டைக் கரும்பலகையில் எழுதி, அதனருகே 1565 என்றும் 1578 என்றும் எழுதலாம். மாணவர் தாமே கேள்வி கேட்பர்.

அன்று கேட்ட மாணவருக்கு அன்றே விடை சொன்னோம். ஆனால் அரைகுறையாகச் சொன்னோம். முழு விடை வெற்றிவேற்கையிலேயே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. பனையின் விதை பெரிது; வானளாவ வளர்ந்தாலும் ஒருவர் ஒதுங்கக்கூட நிழல் தராது. ஆலின் விதை மீன் முட்டையினும் சிறிது. அது வளர்ந்தால் யானையும் தேரும் குதிரையும் காலாளும் சூழ ஓர் அரசனே வந்து தங்க நிழல் கிடைக்கும். ஆகவே பெரியவரெல்லாம் பெரியவருமல்லர், சிறியவரெல்லாம் சிறியவருமல்லர் என்று அங்கே சொல்லப்படுகிறது.

இதைச் சொன்னவர், தம் முன்னோர் ஆண்ட மதுரையில் வேறொருவர் ஆள்வதைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறிய அரசின் அரசர். பேரரசுகளின் பனைகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. இந்த ஆலின் நிழலில் நம் மாணவர்களைச் சற்று உட்கார வைப்போம்.